கணேசமூர்த்தி பூட்டிய அலாரம்

கணேசமூர்த்தியைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆறு மாதமாக நினைக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் என் முட்டாள்தனம் முன்னால் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அவரை மட்டும் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. அவருடைய வாழ்க்கையின் மிக மோசமான நாற்பது நிமிடங்களை ஏற்பாடு செய்து கொடுத்தவன் நான். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவருக்கு வயது முப்பத்துநான்கு. தலவாக்கலை டவுனில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கராஜில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்கிறார். சிங்கள டிரைவர்மார் 'பாஸ் உன்னஹே' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அவர் 'வயரு கணேசு'.

தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலாம் நம்பர் லயத்தில் பிறந்தவர். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டில் நின்று வேலை செய்தவர். மகன் சாதாரண தரப் பரீட்சை முடித்த வருஷம், அதே தொழிற்சாலையில் மின்வேலைக்கு ஆள் தேவை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். விண்ணப்பம் போட்டார். ஆபீசில் கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்ன வேலை?" இரண்டாவது கேள்வி கேட்கப்படவில்லை. கொழுந்து வாட்டுகிறவன் மகன் கொழுந்து வாட்டலாம். சுவிட்சைத் தொடக் கூடாது. எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை, ஆனால் எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காக நடைமுறையில் இருக்கிறது. எனக்கு அன்று இரத்தம் கொதித்தது. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். சமத்துவம் பற்றி இரண்டே முக்கால் பக்கம் இருந்தது. மின்சாரம் பற்றி ஒரு வரி.

என்னுடைய உதவி அப்படி முடிந்ததும் அவர் கொழும்புக்கு பஸ் ஏறினார். பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய வாகன உதிரிப்பாகக் கடையில் ஏழு வருஷம். அங்கே சிங்களமும் வயர்களின் நிறங்களும் படித்தார். திரும்பி வந்து சொந்தக் கராஜ் போட்டார். அந்தக் கராஜில் ரேடியோ கிடையாது. டாஷ்போர்டுக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே 'டிக்' என்று தட்டும் சத்தம் காதில் விழ வேண்டுமாம். வாடிக்கையாளர் பேசினால்கூட ஒரு விரலைத் தூக்குவார். நாட்டில் என்னை விரலால் நிறுத்திய ஒரே ஆள் அவர்தான்.

சுதர்ஷினியைக் கட்டினார். அவள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் மலைக்குப் போன நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். மூன்று வருஷத்துக்கு முன் அவர்களுடைய முதல் பிள்ளை கொழுந்து லொறியில் பிறந்து, லொறியிலேயே இறந்தது. தோட்டத்து ரோட்டிலிருக்கும் மதகு இடிந்து கிடந்ததால், லொறி மட்டும் ஏறக்கூடிய மலைப் பாதையால் சுற்றிப் போனது. அந்தப் பிள்ளையைப் பற்றி நான் அதிகாரிகளுக்கு எட்டு மகஜர் எழுதினேன். ஏழு கூட்டத்தில் பேசினேன். மதகின் மேல் ஒரு பலகை போட்டார்கள்.

இப்போது என் கார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கார் வாங்கினேன். சின்ன ஜப்பான் கார், என் மூத்த மகனைவிட நாலு வயது பெரியது. அது வீட்டு வாசலுக்கு வந்த அன்று லயத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். கணேசமூர்த்தி, கண்ணூறு படாமல் நாலு சக்கரத்துக்கும் அடியில் வைக்க நாலு தேசிக்காய் கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? காரணகாரியம் பற்றி, பயத்தை விற்றுப் பிழைக்கிறவர்கள் பற்றி இருபது நிமிடம் விளாசினேன். அவர் நாலு பழத்தையும் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"அப்ப பழத்த என்ன சார் செய்ய?"

"ஜூஸ் போடுங்க."

மூன்று மாதம் கழித்து, அதே காரைக் காப்பாற்றச் சொல்லி அவரிடம் நானே தாயத்துக் கேட்டுப் போனேன். பன்னிரண்டு வோல்ட் தாயத்து. அலாரம்.

திருட்டுப் பயம் என்று சொன்னேன். அது பொய். உண்மையான காரணம் என் மனைவி நாகலெட்சுமி. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கொடுக்கத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் காய்ச்சல் பிள்ளை, நாய் கடித்த பிள்ளை, கிளினிக் போகிற கிழவர் என்று யார் வந்து நின்றாலும் சாவியைத் தூக்கிக் கொடுப்பாள். கணேசமூர்த்தியோ வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவார்கள். நான் திரும்பி வரும்போது சீட் பின்னால் தள்ளியிருக்கும். ஒரு நாள் கோழி இறகு. ஒரு நாள் சீட் கவரில் வெற்றிலைக் கறை. எல்லாம் எல்லாருக்கும் என்று முப்பது வருஷம் மேடையில் பேசியவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"யாரு சார் இங்க கார் தூக்கப் போறா?" என்றார் கணேசமூர்த்தி, எங்கள் வாசலில் டாஷ்போர்டைக் கழற்றிக்கொண்டே. "தூக்கினாலும் எங்க கொண்டு போவான்? ரோடு ஒண்ணுதான். அவனும் மதகுலதான் விழணும்."

"முன்னெச்சரிக்கைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"சரி சார். ஸ்டார்ட்டர் வயர வெட்டி ஒரு ரிலே போட்டாப் போதும்."

"பெட்ரோல் பம்புக்கும் போடுங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணிட்டா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணத் தெரிந்த ஆள் எங்கள் தோட்டத்தில் ஒருவர்தான். அவர் என் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவசரத்துக்கு ஒரு கள்ள சுவிட்ச் வச்சிருவோம் சார். ரிமோட் இல்லாட்டியும் அத அமுக்குனா எல்லாம் அடங்கிரும். எடத்த அக்காவுக்குக் காட்டிட்டுப் போறேன்."

"அக்காவுக்குக் காட்டுறதும் லயத்துக்கே காட்டுறதும் ஒண்ணுதான். அந்த சுவிட்சே வேணாம்."

"ரிமோட் ரெண்டு வருது. ஒண்ணு அக்காகிட்ட..."

"ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும்."

உள்ளே இருந்து நாகலெட்சுமி, "சார் இனிமே காருக்குள்ளயே படுத்துக்குவாரு, ரிமோட்டே தேவல்ல" என்றாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

வேலையைத் தொடங்குமுன் அவர் வயர் வெட்டும் குறட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். அதற்கும் ஒரு விரிவுரை ஆரம்பித்தேன். "சார், டார்ச்ச கொஞ்சம் இந்தப் பக்கம் புடிங்க" என்றார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டே மீதி விரிவுரையை முடித்தேன். நாலு மணித்தியாலம் வேலை நடந்தது. வெட்டிய ஒவ்வொரு வயரையும் ஈயம் உருக்கிப் பற்றவைத்து, கறுப்புத் துணி டேப் சுற்றி, கம்பனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி மறைத்தார். ரிலே இரண்டையும் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகினார். சைரனுக்கு உள்ளேயே ஒரு சின்ன பேட்டரி. கார் பேட்டரியைக் கழற்றினாலும் அது கத்தும். நான் கேட்டு வாங்கியது.

"இனிமே நானே தேடினாலும் அவுக்க முக்கா மணி ஆகும் சார்" என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் மாதம் என் அலாரம் பிடித்த திருடர்கள் மூவர்: ஓர் ஆடு, ஒரு இடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் டென்னிஸ் பந்து. மூவரும் தப்பிவிட்டார்கள்.

சுதர்ஷினிக்கு அப்போது மாதம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியை டயரியில் குறித்து, அந்த வாரம் வெளியே எங்கும் போகக் கூடாது, காரோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று சிவப்பு மையால் எழுதியும் வைத்திருந்தேன். திட்டமிட்டு வாழ்கிறவன் நான். பிள்ளை என் டயரியைப் பார்க்கவில்லை.

தேதிக்குப் பதினாறு நாள் இருக்க, ஒரு சனிக்கிழமை, ஹட்டனில் கூட்டம். தலைப்பு: தோட்ட மக்களும் அவசர மருத்துவப் போக்குவரத்தும். பேச்சாளர் நான். ஹட்டனில் நிறுத்தினால் யாராவது உரசிவிடுவார்கள் என்று காரை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். இரண்டு ரிமோட்டும் என் காற்சட்டைப் பையில்.

அதற்குப் பிறகு நடந்ததை நாகலெட்சுமியும் மற்றவர்களும் சொன்னபடி எழுதுகிறேன். பலரிடம் விசாரித்து, ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னைத் திட்டியதில் மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

காலை பத்தரைக்கு சுதர்ஷினிக்கு நீர்க்குடம் உடைந்தது. கூடவே இரத்தம் போனது. கணேசமூர்த்தி அன்று கராஜுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். ஆம்புலன்சுக்கு போன் செய்தார்கள். வருகிறோம், ஆனால் மதகைத் தாண்ட முடியாது, மெயின் ரோட்டுச் சந்தியில் நிற்கிறோம் என்றார்கள். வீட்டிலிருந்து சந்திக்கு மூன்று கிலோமீட்டர். தோட்டத்தில் இருந்த இரண்டு ஆட்டோவும் சந்தைக்குப் போயிருந்தன. லொறி தொழிற்சாலையில். மதகுப் பலகையில் ஏறக்கூடிய அகலத்தில் இருந்த ஒரே வாகனம் என் கார்தான்.

நாகலெட்சுமி அலுமாரியிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்தாள். சைரன் கத்தத் தொடங்கியது. கணேசமூர்த்தி சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. அவர் பூட்டியது அவ்வளவு சுத்தமான வேலை.

அவர் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு ஒரு விநாடி இருந்தாராம். பிறகு, "அக்கா, சாருக்கு போன் போடுங்க" என்றார். போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அந்த நேரத்தில் நான் மேடையில் இருந்தேன். போன் சத்தத்தை அடைத்துப் பைக்குள் வைத்திருந்தேன். ஒரு கையை உயர்த்தி, கொழுந்து லொறியில் இறந்த ஒரு குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மற்றக் கை காற்சட்டைப் பைக்குள் ரிமோட்டை உருட்டிக்கொண்டிருந்தது. பதற்றம் வந்தால் எனக்கு அது பழக்கம்.

"அவுக்கலாமா கணேசு?" என்று நாகலெட்சுமி கேட்டாள்.

"முக்கா மணி ஆகும்க்கா. அவ தாங்க மாட்டா." அவர் ரோட்டைப் பார்த்தார். "எறக்கந்தானே. உருட்டிருவோம்."

சுதர்ஷினியைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். நாகலெட்சுமி முன்சீட்டில்.

"இன்ஜின் ஓடாட்டி பிரேக்கு கல்லு மாதிரி இறுகிரும். ஹேண்ட் பிரேக்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கங்கக்கா. இழுங்கன்னா இழுங்க. விடுங்கன்னா விடுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதேப்பா!"

"சாவிய கொடுக்கத் தெரிஞ்சதே, அது போதும்."

லயத்து ஆட்கள் இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள். கார் உருண்டது. அந்த அலாரத்துக்குச் சின்ன அதிர்ச்சி போதும். எங்கள் ரோட்டிலோ குழிகளுக்கு நடுவில்தான் அங்கங்கே ரோடு. ஒவ்வொரு குழியையும் அது ஒரு புதுத் திருடனாக எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கத்தியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்ப வேண்டியிருந்தது. "இழுங்க! விடுங்க! இழுங்கக்கா!" நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாளாம். பின்னால் சுதர்ஷினி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாவது வளைவில், "ரோட்ட பாருங்க" என்று பதில் வந்தது.

பாதி வழியில் ஒரு மேடு இருக்கிறது. நாற்பது கஜம் ஏற்றம். உருண்டு வந்த வேகம் அதற்குப் போதவில்லை. மேட்டின் பாதியில் கார் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். கணேசமூர்த்தி இறங்கித் தனியாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மணி பதினொன்று ஆகவில்லை. ரோட்டில் ஒரு ஆள் இல்லை.

அப்போது மேல் மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, முப்பது பேருக்கு மேல், கொழுந்துப் பையும் முதுகுமாக வரிசையாக வந்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் பகல் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதும். ஊதினால் கொழுந்து நிறுக்க இறங்க வேண்டும். மலையில் கையில் மணிக்கூடு கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிறவர்கள் குறைவு. காதுதான் மணிக்கூடு. பள்ளத்திலிருந்து நீளமாக ஒரு ஊளை கேட்டதும் பழக்கத்தில் கால் தானாக இறங்கிவிட்டது.

பின்னால் கங்காணி கத்திக்கொண்டே ஓடி வந்தார். "ஏய், எங்கடி போறீங்க? மணி பன்னண்டு ஆகல!"

"சங்கு ஊதிருச்சுல்ல!" என்றாள் முன்னால் வந்த வேலாயி.

"அது வாத்தியார் காருடி!"

வேலாயி ரோட்டில் குதித்து, காருக்குள் எட்டிப் பார்த்தாள். அதற்கு மேல் யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பைகள் ரோட்டோரம் விழுந்தன. முப்பது பேர் கை வைத்தால் அந்தக் காரைத் தள்ளவே தேவையில்லை, தூக்கிக்கொண்டு போகலாம். கங்காணியும் தள்ளினார். மேட்டு உச்சியில் வேலாயி பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, சுதர்ஷினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மதகுப் பலகையில் காருக்கு இரு பக்கமும் ஒரு சாண் இடம்தான் மிச்சம். பெண்கள் முன்னால் ஓடி ஓடைக்குள் இறங்கி, பலகை நகராமல் தோளால் முட்டுக்கொடுத்து நின்றார்கள். மார்கழித் தண்ணீர். கார் அவர்களுடைய தலைக்கு மேலால் கத்திக்கொண்டே கடந்தது. அதற்குப் பிறகு சந்தி வரை இறக்கம்தான். ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து நின்றதாம். கணேசமூர்த்தியும் வேலாயியும் சுதர்ஷினியோடு ஏறிப் போனார்கள்.

அந்தப் பெண்களுக்கு அன்று முழு நாளுக்கு அரை நாள் சம்பளம்தான் போட்டார்கள், நேரத்துக்கு முன்பே மலையை விட்டு இறங்கினார்கள் என்று. மறுநாள் நான் கொதித்துப்போய் ஒன்பதாவது மகஜரோடு வேலாயியிடம் போனேன். "கையெழுத்துப் போடுறேன் சார்" என்றாள். "நீங்க அந்த மதகுல நாலு கல்லத் தூக்கிப் போடுங்க."

ஹட்டனில் என் பேச்சு நாற்பது நிமிடம் நடந்தது. இறங்கி வந்து போனைப் பார்த்தேன். பத்தொன்பது அழைப்பு. நாகலெட்சுமியைக் கூப்பிட்டேன். அவள் எதையும் விளக்கவில்லை. "சந்திக்கு வாங்க" என்றாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியபோது என் கார் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றது. சைரன் பேட்டரி இறங்கி, சளி பிடித்த கோழி மாதிரி விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது. கடைக்காரர் காதில் பஞ்சு வைத்திருந்தார். ரிமோட்டை அமுக்கினேன். அதுவரை முனகியதும் நின்றது. அன்றைய தினம் நான் செய்த ஒரே உதவி.

நாகலெட்சுமி நடந்ததைச் சொன்னாள்.

"இப்ப எப்படி?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. ஆபரேசனுக்குக் கொண்டு போயிருக்காங்களாம்." ஒரு துணிப் பையையும் சுடுதண்ணிப் போத்தலையும் என் கையில் கொடுத்தாள். "அடுத்த பஸ்ல ஏறுங்க."

"கார்ல போறேன்."

சாவியைத் திருப்பினேன். பேட்டரி செத்திருந்தது.

"காரு எங்கயும் போவாது" என்றாள் நாகலெட்சுமி. "நீங்கதான் அவ்வளவு பாத்து வச்சிருக்கீங்களே."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையில் பிள்ளைத் துணி, மறு கையில் சுடுதண்ணி. கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல் ஒவ்வொரு வளைவிலும் யார் மேலாவது சாய்ந்தேன். எந்தக் கடவுளிடமும் நான் எதுவும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வரை என் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. என்னவென்று நான் விசாரிக்கப்போவதில்லை.

கணேசமூர்த்தி நடைபாதையில் போட்டிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியதில் இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். அந்த மனிதருக்கு என்னைக் கண்டால் எழும் பழக்கம் அன்றுகூட விடவில்லை.

"பொம்பளப் புள்ள சார். ரெண்டு பேரும் இருக்காங்க." சுடுதண்ணிப் போத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஒருத்தர்தான்னு டாக்டர் சொன்னாரு. யாருன்னு நான் கேக்கல."

நானும் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"மேட்டுக்கு முந்தி ரெண்டாம் கியர்ல போட்டு விட்டுப் பாத்தேன் சார். இன்ஜின் சுத்துச்சு, ஒரு சொட்டுப் பெட்ரோல் வரல." உரிந்த கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "பம்பு வெட்டு சுத்தமா வேலை செய்யுது."

அவர் குத்திக் காட்டினாரா, தொழில்காரனாகச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

பார்வையாளர் நேரத்தில் உள்ளே விட்டார்கள். சுதர்ஷினி கண் திறந்து படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம். துணிப் பையைக் கட்டிலில் வைத்தேன்.

"ஹட்டன்ல என்ன பேசுனீங்க சார்?"

அவளைப் பற்றித்தான் பேசினேன் என்று எப்படிச் சொல்வது?

"மதகப் பத்தி" என்றேன்.

"கட்டுவாங்களா?"

"மகஜர் குடுத்திருக்கோம்."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நீட்டினாள்.

"அந்த ரிமோட்ட குடுங்க சார்."

எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிள்ளையின் துணிப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடி கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு?"

அதையும் கொடுத்தேன்.